மேரி வர்கீஸ்: சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்த மருத்துவர்

மேரி வர்கீஸ் (மே 26, 1925 – டிசம்பர் 17, 1986) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர். 1954ஆம் ஆண்டு நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாடுகளில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கான துறையையும் தனி நிலையத்தையும் உருவாக்கினார். 1972இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இவருடைய வரலாறு பெரும்பாலும் 'தன்னம்பிக்கைக் கதை' என்ற தலைப்பில்தான் சொல்லப்படுகிறது. அந்தத் தலைப்பு எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. அவருக்கு மன உறுதி இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த உறுதி நின்று வேலை செய்வதற்கு ஓர் இடமும், ஒரு தொழிலும், சில மனிதர்களும் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்துச் சொன்னால்தான் மாணவர்களுக்கு இதில் பயன் உண்டு.

இளமையும் கல்வியும்

கொச்சியில் ஒரு சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர் மேரி. குடும்பப் பெயர் புத்திசேரில். 1946இல் மருத்துவம் படிக்க வேலூர் வந்தார்.

அந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து வந்த ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டில் கொண்ட சிறு மருத்துவமனையாகத் தொடங்கியது அது. பிரசவத்தின்போது ஆண் மருத்துவரிடம் காட்ட வீட்டார் சம்மதிக்காததால் பெண்கள் இறந்துபோவதைக் கண்ணால் கண்ட பிறகே அவர் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக அது வளர்ந்தது. ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947இல்தான். மேரி படித்த காலத்தில் கல்லூரி இப்படி மாறிக்கொண்டிருந்தது. மகளிர் மருத்துவத்தில் சிறப்புத் தகுதி பெற வேண்டும் என்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. வேலூரில் படித்த பெண் மருத்துவர்கள் பலரும் அன்று விரும்பிய துறை அது.

விபத்து

1954 ஜனவரி 30. மருத்துவமனையைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வாகனத்தில் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். மேரியும் அவர்களில் ஒருவர். வழியில் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. மேரிக்கு முகத்தில் ஆழமான காயம். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் பழுதுபட்டது. அப்போது அவருக்கு வயது 28.

நோயாளியாக அவர் கொண்டுவரப்பட்டது தாம் பணியாற்றிய மருத்துவமனைக்கே. அதில் ஒரு நல்வாய்ப்பு இருந்தது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில்தான் தொடங்கியிருந்தார். அன்றைய இந்தியாவில் இதைவிட நல்ல கவனிப்பு கிடைக்கக்கூடிய இடங்கள் மிகக் குறைவு. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. சாதாரண நோயாளியிடம் 'பார்க்கலாம், சரியாகிவிடும்' என்று சொல்லிவைக்கலாம். மருத்துவரிடம் அது செல்லாது. கால்களில் உணர்ச்சி இல்லை, அசைவில்லை, நாள் செல்லச் செல்ல மாற்றமும் இல்லை என்றால் அதன் பொருள் என்ன என்பது அவருக்கே தெரியும். படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் உடன் படித்தவர்களும் ஆசிரியர்களும். நேற்றுவரை எந்த வார்டில் சுற்றி வந்தாரோ, அதே வார்டில் இன்று திருப்பிப் படுக்கவைக்கவும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

தண்டுவடம் முறிந்தால் என்ன நேரும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டியிருக்கிறது. தண்டுவடப் படம் வரைந்து பாகம் குறிப்பது தேர்வில் மதிப்பெண் தரும் கேள்வி. அது உடைந்தால் என்ன ஆகும் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

மூளையிலிருந்து கிளம்பும் கட்டளைகள் தசைகளுக்கும், உடலின் உணர்ச்சிகள் மூளைக்கும் செல்லும் பாதை தண்டுவடம். முதுகெலும்புக் கண்ணிகளின் நடுவே உள்ள குழாய் போன்ற வழியில் அது இறங்குகிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. கழுத்தில் முறிவு ஏற்பட்டால் கைகளும் கால்களும் சேர்ந்து செயலிழக்கும். மார்புப் பகுதியிலோ அதற்குக் கீழோ ஏற்பட்டால் கைகள் தப்பிவிடும், கால்கள் போய்விடும். எலும்பு கூடிவிடும். அறுந்த தண்டுவடம் கூடாது. இன்றைய மருத்துவத்தாலும் அதைப் பழையபடி இணைக்க முடியவில்லை.

நடக்க முடியாமை மட்டுமே துன்பம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவரைக் கேட்டால் வேறு பட்டியல் வரும். நமக்கு ஒரே இடத்தில் அதிக நேரம் உட்கார்ந்தால் வலிக்கும், உடனே நம்மை அறியாமல் அசைந்து உட்காருவோம். உணர்ச்சி இல்லாத உடலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. எலும்பு துருத்தும் இடங்களில், குறிப்பாக இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும், தோல் நசுங்கி இரத்த ஓட்டம் நின்று புண்ணாகும். அதுதான் படுக்கைப்புண். எலும்புவரை அரித்துச் செல்லக்கூடியது. அடுத்தது சிறுநீர்ப்பை. நிரம்பியது தெரியாது, தானாகக் காலியாவதும் இல்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்ந்து சிறுநீரகம் வரை போகும். முதல் உலகப் போரில் தண்டுவடக் காயம்பட்ட வீரர்களில் பெரும்பாலோர் இறந்தது முதுகெலும்பு முறிவால் அன்று. படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகக் கோளாறாலும்தான்.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லுட்விக் குட்மன். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த யூத மருத்துவர். 1944இல் ஸ்டோக் மாண்டவில் என்னுமிடத்தில் தண்டுவடக் காயமுற்ற வீரர்களுக்கான பிரிவு ஒன்றை அவர் தொடங்கினார். அவர் செய்தது அதிசயம் எதுவும் இல்லை. இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தார். சிறுநீரைச் சுத்தமான முறையில் வெளியேற்றினார். எழுந்து உட்காரவைத்து வேலை கொடுத்தார், விளையாடச் சொன்னார். 1948இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் அங்கே 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் விதை அது.

அறை முழுக்க மருந்து இருந்தாலும் 2 மணிக்கு ஒருமுறை திருப்ப ஆள் இல்லையென்றால் நோயாளி பிழைப்பது கடினம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். மேரி பிழைத்ததற்கும் பெயர் பதிவாகாத செவிலியர்கள் பலர் காரணமாக இருந்திருப்பார்கள்.

பால் பிராண்டும் கை அறுவையும்

மேரியின் வாழ்க்கை திரும்பியது பால் பிராண்ட் என்பவரால். இவர் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914இல். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். தந்தை ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலில் இறந்த பிறகும் தாய் ஈவ்லின் முதுமையிலும் அந்த மலைகளை விட்டு இறங்கவில்லை. லண்டனில் மருத்துவம் படித்த பால் 1946இல் வேலூர் வந்தார். மேரி மாணவியாகச் சேர்ந்ததும் அதே ஆண்டுதான்.

தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுகின்றன என்று அன்று மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் அப்படியில்லை என்று காட்டினார். தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது, உணர்ச்சி போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், கல் குத்தினாலும், எலி கடித்தாலும்கூட வலி தெரிவதில்லை. காயம் கவனிப்பாரற்றுப் பெருகி விரலைத் தின்கிறது. ஆக, சதை கெட்டதல்ல. அதற்குச் சிகிச்சை செய்தால் ஆறும், அறுவை செய்தால் கூடும். வலி ஒரு வரம் என்று அவர் பிற்காலத்தில் விரிவாக எழுதியதன் அடிப்படை இதுவே.

முழங்கையருகே ஓடும் நரம்பு பழுதானால் கையின் சிறு தசைகள் செயலிழக்கும். விரல்கள் உள்பக்கம் மடங்கி, பறவையின் நகம் போலாகிவிடும். அந்தக் கையால் சோற்றைப் பிசைய முடியாது, கதிரைப் பிடிக்க முடியாது, சில்லறையை எண்ண முடியாது. ஆனால் முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பல நல்ல நிலையில் இருக்கும். அவற்றில் ஒன்றின் தசைநாணை எடுத்து, நான்காகப் பிரித்து, உள்ளங்கை வழியாகச் செலுத்தி, நான்கு விரல்களிலும் தைத்துவிட்டால், பழைய தசையின் வேலையைப் புதிய தசை செய்யும். நோயாளி தம் விரலை மடக்க இனி வேறொரு தசையை இயக்கப் பழக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். வயலுக்கு வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டால் பக்கத்து வாய்க்காலிலிருந்து ஒரு மடை வெட்டி நீரைத் திருப்பிவிடுவோமே, அதைப் போன்றது என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

வயிற்று அறுவையை மருத்துவர் நின்றுகொண்டுதான் செய்ய வேண்டும். பிரசவ அறையிலும் அப்படியே. ஆனால் கை அறுவையை உட்கார்ந்து செய்யலாம். நோயாளியின் கை ஒரு சிறு மேசையில் நீட்டிவைக்கப்பட்டிருக்கும். மருத்துவர் எதிரே அமர்ந்து மணிக்கணக்கில் வேலை செய்வார். கால்கள் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அங்கே அவற்றுக்கு வேலையில்லை. இதை யோசித்து, மேரியைக் கை அறுவைக்கு வரச் சொன்னார் பிராண்ட்.

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் மதிப்பது இந்த யோசனையைத்தான். பரிதாபப்பட்டு ஒரு பதிவேட்டு வேலையையோ நூலக வேலையையோ கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுப்பதுதான் வழக்கம். 'என்ன செய்ய முடியாது' என்ற பட்டியலை ஒதுக்கிவிட்டு, அவர் படித்த படிப்புக்குள்ளேயே, அவர் கைகளுக்குரிய உண்மையான வேலை எது என்று பிராண்ட் தேடினார். அது தொழுநோயாளிகளுக்கான வேலையாக இருந்தது. மற்ற மருத்துவர்கள் தொடத் தயங்கிய நோயாளிகள் அவர்கள்.

மேரி சக்கர நாற்காலியில் அறுவை அறைக்குள் சென்றார். நோயாளிகளின் பக்கமிருந்து பார்த்தால் இதில் இன்னொரு பொருளும் இருக்கிறது. ஊரால் ஒதுக்கப்பட்டு, கைகால் விளங்காமல், இனித் தம்மால் எதற்கும் பயனில்லை என்று வந்து கிடந்தவர்கள் அவர்கள். தம் கையைச் சரிசெய்யப்போகும் மருத்துவரே நடக்க முடியாதவர் என்பதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். அறிவுரை சொல்ல வேண்டிய தேவை அங்கே பெரும்பாலும் இருந்திருக்காது.

பெர்த், நியூயார்க்

அறுவை மருத்துவராகத் திரும்பினாலும் அன்றாட வாழ்வில் மேரி பிறர் உதவியையே சார்ந்திருந்தார். தண்டுவடக் காயமுற்றவர் தாமே கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும், குளிக்கவும், உடை மாற்றவும், வெளியே செல்லவும் கற்றுக்கொள்ளலாம் என்ற அறிவு அன்று இந்தியாவில் பரவவில்லை. அதைக் கற்க அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்றார். அங்கே ஜார்ஜ் பெட்புரூக் என்ற எலும்பியல் மருத்துவரின் தலைமையில் தண்டுவடக் காயத்துக்கான பிரிவு வளர்ந்துகொண்டிருந்தது. 1962இல் முதலாவது காமன்வெல்த் மாற்றுத்திறனாளர் விளையாட்டுப் போட்டிகள் பெர்த்தில் நடந்ததற்கு முக்கியக் காரணர் இவரே.

மருத்துவர் ஒருவர் நோயாளியாகப் போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்வது எளிதல்ல. கைகளின் வலுவைக் கொண்டு உடல் முழுவதையும் தூக்க வேண்டும். கால்களுக்கு உலோகப் பட்டைகள் மாட்டி நிற்கப் பழக வேண்டும். பலமுறை விழ நேரும். விழுந்தால் எழுவதும் பாடத்தில் ஒரு பகுதி. அங்கேதான் அவருக்குத் தம் எதிர்கால வேலை எது என்பது தெளிவாயிற்று. கை அறுவையைத் தொடர்ந்து செய்ய வேலூரில் வேறு மருத்துவர்கள் இருந்தார்கள். மறுவாழ்வு மருத்துவத்துக்கு ஆள் இல்லை.

அதன்பின் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப்படை வீரர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி அளித்து, பின்னர் அதை ஒரு தனி மருத்துவத் துறையாகவே நிலைநாட்டியவர் ரஸ்க். நோயைக் குணப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவதோடு மருத்துவரின் கடமை முடிந்துவிடாது, அவர் தம் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்பும்வரை தொடர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இயன்முறை சிகிச்சையாளர், தொழில்வழிப் பயிற்சி தருபவர், செயற்கைக் கால் செய்பவர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் எல்லோரும் ஒரே குழுவாக நோயாளியைக் கவனிக்கும் முறை அங்கிருந்து பரவியது.

சக்கர நாற்காலியில் ஓர் இந்தியப் பெண் 1960களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் தங்கிப் படித்தார் என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டேன். படிக்கட்டு, குளிர், தனிமை இவற்றையெல்லாம் படிப்பவர்களே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் காலம்வரையான அவருடைய வாழ்க்கையை அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் நூலாக எழுதினார். அது 1963இல் வெளிவந்தது.

வேலூர் மறுவாழ்வு நிலையம்

நாடு திரும்பிய மேரி, வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் பொறுப்பை ஏற்றார். 1966இல் அதன் கீழ் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உள்நோயாளிகளுக்கான இத்தகைய நிலையங்களில் இந்தியாவில் முதலாவதாக இது குறிப்பிடப்படுகிறது. வேலூர் நகரை அடுத்த பாகாயத்தில் இன்றும் அது இயங்குகிறது.

பெர்த்திலும் நியூயார்க்கிலும் கற்றதை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது. அந்த ஊர்களில் சமதளமான நடைபாதை, உயரமான கழிப்பறை, மேசை வைத்த சமையலறை உண்டு. நம் கிராமத்து வீட்டில் வாசலிலேயே இரண்டு படி, உள்ளே நுழைந்தால் நிலைப்படி, கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து எழும் கழிப்பறை, அதுவும் பல வீடுகளில் அன்று இல்லை. சாப்பாடு தரையில், படுக்கை பாயில். கனமான சக்கர நாற்காலி வரப்பில் ஓடாது. கப்பி போட்ட தெருவிலேயே ஓடாது. ஆகவே இந்தியாவில் மறுவாழ்வு என்றால் தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறவும் நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கவும் கற்க வேண்டும். வீட்டு வாசலில் சரிவு போடக் கொத்தனாரிடம் சொல்லத் தெரிய வேண்டும்.

இன்னொரு வேறுபாடு குடும்பம். மேலைநாட்டில் நோயாளி தனியாகப் பயிற்சிக்கு வருவார். இங்கே தாயோ மனைவியோ அண்ணனோ கூடவே வருவார்கள். படுக்கைப்புண் வராமல் தோலைப் பார்ப்பதற்கும், சிறுநீர்க் குழாய் வைப்பதற்கும், கைகால் மூட்டுகளை இறுகாமல் அசைத்துக்கொடுப்பதற்கும் அவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். வீட்டில் செவிலியர் அவர்கள்தான். பயிற்சி முடிந்து போனவர்களை வீட்டுக்கே சென்று பார்ப்பதும், பழைய நோயாளிகளை ஆண்டுதோறும் ஒன்றுகூட்டி விழா நடத்துவதும் அந்த நிலையத்தின் வழக்கம். 'மேளா' என்று அதற்குப் பெயர். மருத்துவமனையில் மேளா என்று கேட்டால் விந்தையாக இருக்கலாம். சிறுநீரகம் கெடாமல் இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளவும், தம்மைப் போன்றவர்களோடு விளையாடிப் பேசிச் சிரிக்கவும் அதைவிட நல்ல வழி இல்லை.

மேரியே இந்த நோயாளிகளில் ஒருவர் என்பதை மறக்கக்கூடாது. துறைத் தலைவராக இருந்த ஆண்டுகளிலும் தண்டுவடக் காயத்தின் பின்விளைவுகள் அவரை விட்டு விலகவில்லை. அந்தக் காயம் ஒருமுறை வந்து போகும் நோய் அல்ல. நாள்தோறும் கவனம் கேட்பது. மற்றவர்களுக்குச் சொல்லித்தந்த அதே ஒழுங்கைத் தம் உடலுக்கும் தினமும் செய்துகொண்டுதான் அவர் வார்டுக்கு வந்திருக்க முடியும். விபத்துக்குப் பின் ஏறத்தாழ 33 ஆண்டுகள் வாழ்ந்து, 1986 டிசம்பர் 17இல் மறைந்தார்.

வேறு சிலர்

மேரி விபத்துக்குள்ளான அதே 1954இல், சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதை நிறுவிய முத்துலட்சுமி ரெட்டி எங்களுக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்காரர். தம் தங்கை புற்றுநோயால் இறந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்த மருத்துவர் அவர். கையாலாகாமல் நின்ற அந்தத் துயரம் அவரை விடவில்லை. நிறைவேற 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மருத்துவர்கள் எல்லாவற்றுக்கும் பழகிப்போனவர்கள் என்று நாம் எண்ணுவது எவ்வளவு பிழை என்பதற்கு இவரும் ஒரு சான்று.

மருத்துவராக இல்லாவிட்டாலும் குறிப்பிட வேண்டிய இன்னொருவர் ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன். 1975இல் கடற்படை அதிகாரிகள் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அப்போது அவர் பொறியியல் மாணவர். 1981இல் தென்காசி அருகே தம் ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்து வந்தது. நோயாளி ஒருவர் தம் மருத்துவருக்குச் செலுத்தக்கூடிய நன்றியில் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

காவிரிப் படுகையில்

இனி இது நமக்கு எந்த வகையில் தேவை என்று பார்க்கலாம். தண்டுவடக் காயம் என்றாலே நெடுஞ்சாலை விபத்து நினைவுக்கு வருகிறது. தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துச் சாய்த்த பிறகும் மறுபடி நட்டு வளர்த்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் பாசி பிடித்து வழுக்கும். ஏறுபவர் விழுந்தால் இடுப்போ முதுகோ கழுத்தோ முறியும். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை சுமக்கையில் சறுக்குவதும், டிராக்டர் டிப்பரிலிருந்து விழுவதும் நடக்கின்றன. பெரும்பாலும் 20 முதல் 45 வயதுக்குட்பட்ட ஆண்கள். அவர்கள் கூலியில்தான் வீடு நடக்கிறது.

விழுந்தவரை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு பேர் கைகளையும் இரண்டு பேர் கால்களையும் பிடித்துத் தூக்குகிறோம். அல்லது மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து விரைகிறோம். எலும்பு மட்டும் முறிந்து தண்டுவடம் தப்பியிருந்தால், இந்தத் தூக்கலிலேயே அது அறுந்துபோகக்கூடும். கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, நான்கைந்து பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவது போல ஒன்றாகத் திருப்பி, ஒரு பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்கவைக்க வேண்டும். தலையை ஒருவர் இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுந்து உட்காரவைக்கவோ, தண்ணீர் கொடுக்கவோ கூடாது. 108 வரும்வரை அப்படியே விட்டாலும் குற்றமில்லை. நல்லெண்ணத்தில் தூக்கியவர்களின் அவசரத்தால் நடை இழந்தவர்கள் உண்டு.

சாலை விபத்தில் சிக்குவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு தருகிறது. தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகையும் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மேரிக்கும் நம் தென்னை ஏறும் தொழிலாளிக்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது. மேரி விழுந்தது மருத்துவமனையின் மடியில். படித்த கைகள் அவரிடம் இருந்தன. அந்தக் கைகளுக்கு வேலை தேடித் தந்த ஆசிரியர் இருந்தார். மரம் ஏறுபவரின் மூலதனம் கால்களும் தோளும்தான். அவை போன பிறகு அவரிடம் 'மன உறுதியோடு இருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அவருடைய கைகளுக்கு என்ன வேலை என்று யாராவது யோசிக்க வேண்டும். தையல், கைப்பேசி பழுதுபார்ப்பு, சிறு கடை, கணினி வேலை, தேங்காய் நார்க் கயிறு என்று அவரவர் ஊருக்கும் ஆளுக்கும் ஏற்ப அது மாறும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் உறவினர்கள் சில கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், தோலில் எந்தெந்த இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும், சிறுநீர்க் குழாயை எப்போது மாற்ற வேண்டும், காய்ச்சல் வந்தால் யாரிடம் காட்ட வேண்டும், மறுவாழ்வுப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறீர்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் கடிதம் எழுதித் தருவார்கள்.